நாற்பத்தொரு நினைவுப் பிழைகள்

அளத்தங்கரை அரசு மருத்துவமனையில் நோயாளிகளின் பழைய கதைகளைக் கேட்டு எழுதும் வேலையை நான்கு வருடங்களாகச் செவி என்ற பேசும் கணினிதான் பார்த்து வந்தது.

வெளிநோயாளி பிரிவை ஒட்டி ஆறு சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு திரை. உள்ளே போய் உட்கார்ந்தால், "வாங்க, உக்காருங்க. என்ன செய்யுது?" என்று ஒரு பெண் குரல் அந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்கும். டாக்டர்களுக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. செவிக்கு அவசரம் கிடையாது. எப்போது முதலில் வலித்தது, வீட்டில் யாருக்குச் சர்க்கரை, போன தடவை கொடுத்த மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டீர்களா, பாதியில் விட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். மருத்துவமனையின் நாற்பது வருடப் பதிவேடுகளையும் படம் பிடித்து அதற்குள் ஏற்றியிருந்தார்கள். சொன்னதையும் பதிவில் இருப்பதையும் சேர்த்து ஒரு பக்கத் தாளாக டாக்டர் மேசைக்கு அனுப்பிவிடும். உப்பளத்து ஆட்கள் அதைச் செவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டரிடம் சொல்லக் கூசியதை எல்லாம் அதனிடம் சொன்னார்கள்.

அதற்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பிரிசில்லா. மருத்துவக் கல்லூரி வேலை தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த ஊரிலேயே இருந்து மூன்று வருடம் உழைத்து உருவாக்கியது அது. அந்த மாசி மாதம் அதில் ஒரு புதிய வசதியைச் சேர்த்திருந்தார். இதுவரை செவி எழுதிய தாள் டாக்டருக்கு மட்டும்தான் போகும். இனிமேல், நோயாளி எழுந்து போவதற்கு முன்னால் எழுதியதை அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது மரியாதை என்பது அவர் எண்ணம்.

வசதி வந்த மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு, நான்காம் அறைக் கதவு படாரென்று திறந்தது.

வெளியே வந்த பெண்ணுக்கு முப்பத்துநான்கு வயது. பெயர் சந்தனமாரி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். உள்ளங்காலெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேராக பிரிசில்லாவின் மேசைக்கு வந்தாள்.

"டாக்டரம்மா, அந்த மிசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு."

"என்னம்மா சொல்லுச்சு?"

"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேசன் பண்ணிருக்குன்னு சொல்லுது. ஒம்பது வருசத்துக்கு முந்தி, இதே ஆஸ்பத்திரிலயாம். சரியான்னு என்னையவே வேற கேக்கு."

"பண்ணலையா?"

"எனக்கு எதுக்குப் பண்ணணும்? நான் பிள்ள வேணும்னுல்லா ஒம்பது வருசமா மாத்திரை முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "வேற யாரு கணக்கையோ என் பேருல எழுதி வச்சிருக்கு. அழிக்கச் சொல்லுங்க."

பிரிசில்லா தாளை எடுத்துப் பார்த்தார். வயிற்று வலி, அதிக ரத்தப்போக்கு, பழைய அறுவைகள். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இரண்டாம் பிரசவம், சிசேரியன், அத்துடன் கருத்தடை அறுவை. தேதியும் நேரமும் இருந்தன.

"இரண்டாவது பிள்ளை ஆபரேஷன்ல பொறந்ததா?"

"ஆமா. பையன். பதினோராம் நாளு மஞ்சக்காமாலை வந்து போயிட்டான்." சந்தனமாரியின் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் கரு நிக்கவே இல்ல. மூத்தது ஒத்தப் பொம்பளப் பிள்ளை. வீட்டுக்காரவியளுக்குப் பையன் வேணும். ஆறு வருசம் பாத்தாவ. பொறவு வேம்பாருல ஒருத்தியோட போயிட்டாவ, இங்க எப்பவாச்சும்தான் வந்து போவாவ. அவளுக்கு இப்ப ரெண்டு பயலுவ."

பிரிசில்லா மேசையிலிருந்த திரையில் பழைய பதிவேட்டின் படத்தைத் தேடி எடுத்தார். ஒப்புதல் படிவம் வந்தது. மேலே சந்தனமாரியின் பெயர். கீழே கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை.

சந்தனமாரி குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"டாக்டரம்மா, நான் பத்தாங்கிளாஸ் பாஸ். பேங்குலகூட கையெழுத்துதான் போடுதேன். நான் எதுக்குக் கைநாட்டு வைக்கப் போறேன்?"

பிரிசில்லா படிவத்தைப் பெரிதாக்கினார். அவர் கண் வேறோர் இடத்தில் நின்றிருந்தது. மயக்க மருந்து கொடுத்த நேரம் பதினொன்று பத்து. ரேகை வைத்த நேரம் பதினொன்று நாற்பது.

மயக்கத்தில் கிடந்தவளின் கையை யாரோ தூக்கி, விரலில் மையைத் தடவி, தாளில் அழுத்தியிருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் முன்பே சந்தனமாரிக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. தன் வலது பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒருத்தி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கி, குடிக்காமல், மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

*

செவியின் கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவன் ஹபீப். முப்பது வயது, அதிகம் பேசாதவன். மத்தியானம் பிரிசில்லா அவன் அறைக்கு வந்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடி வைத்தான்.

"சந்தனமாரி இதுக்கு முன்னாடி செவிகிட்ட வந்திருக்காங்களா?"

தேடினான். "மூணு தடவை வந்திருக்காங்க மேடம்."

"மூணு தடவையும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கா?"

"கேட்டிருக்கு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

ஹபீப் திரையை அவர் பக்கம் திருப்பினான். மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேராக ஒரே வாசகம்: நோயாளி மறுத்தார். பதிவு உறுதி. நினைவுப் பிழை.

"நினைவுப் பிழையா? இதை யார் எழுதினது?"

"செவிதான்." ஹபீப் தயங்கினான். "மேடம், அது தப்பா எதுவும் செய்யல. நீங்க சொன்னபடிதான் செஞ்சிருக்கு. பதினேழாவது விதி."

பிரிசில்லாவுக்கு அந்த விதி மனப்பாடம். நோயாளி சொல்வதும் பழைய பதிவும் முரண்பட்டால், பதிவையே கொள்ள வேண்டும். அவரே எழுதியது. அதை எழுத வைத்தது ஒரு மரணம். பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு பெரியவரிடம், எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஊசி போட்ட நான்காம் நிமிடம் மூச்சு நின்றுபோனது. ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதிய பழைய தாள் அலமாரியிலேயே இருந்தது. அந்தப் பெரியவருக்கு அது மறந்துவிட்டிருந்தது. மனிதர்கள் மறப்பார்கள், தாள் மறக்காது என்று அன்று முடிவு செய்தார் பிரிசில்லா. அந்த விதியால் இந்த நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் பிழைத்தும் இருக்கிறார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு மேடம்," என்றான் ஹபீப். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்க வந்தப்போ தாள்ல கையெழுத்து போட்டது நீங்கதான்."

தாளின் படம் வந்தது. வயிற்று வலி. கீழே சின்ன எழுத்தில் அதே வரி. அதன் மேலேயே பச்சை மையில் அவருடைய சுருக்கொப்பம்.

அந்த நாள் பிரிசில்லாவுக்கு நினைவே இல்லை. அன்றைக்கு நூற்று இருபது பேரைப் பார்த்திருப்பார்.

"ஹபீப், இதே அறுவைக்கு 'இல்லை'ன்னு சொன்னவங்க எல்லாரையும் எடுங்க. நினைவுப் பிழைன்னு எழுதின எல்லாரையும்."

நான்கு வருடத்தில் பதினோராயிரம் முரண்கள் இருந்தன. மருந்து, சர்க்கரை, பழைய விபத்து, குடிப்பழக்கம். அத்தனையையும் சலித்து, கருத்தடை அறுவையை மட்டும் பிரித்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நாற்பத்தொரு பெயர்கள்.

அறுவைகள் எல்லாமே ஒரு ஆறு வருட காலத்துக்குள் நடந்தவை. எல்லாமே சிசேரியனோடு சேர்த்துச் செய்தவை. அறுவை செய்தவர் பெயர் நாற்பத்தொன்றிலும் ஒன்றுதான்.

"செவி குரலையும் சேமிக்கும்ல?"

"சேமிக்கும்."

"போடுங்க."

முதல் குரல் வந்தது. "எனக்கா? இல்லக்கா, எனக்கு அதெல்லாம் பண்ணல. பையன் பொறக்கணும்னு போன தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்தே போயிட்டு வந்தேன்." அதற்குச் செவியின் பதில் இதமாக வந்தது: "சரிக்கா. அடுத்தது, பசி எப்படி இருக்கு?"

இரண்டாவது குரல். "பண்ணலியே. எங்க மாமியா என்னைய ராசியில்லாதவன்னு சொல்லுதாவ. நீயாச்சும் டாக்டர்கிட்ட சொல்லு, ஒரு நல்ல மாத்திரை தரச் சொல்லி."

"சரிக்கா. தூக்கம் எப்படி இருக்கு?"

மூன்றாவது. நான்காவது. ஒவ்வொருத்தியும் மறுத்திருந்தாள். ஒவ்வொருத்திக்கும் செவி "சரிக்கா" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் நினைவுப் பிழை என்று எழுதியிருந்தது. ஏழாவது குரலில் பிரிசில்லா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின.

"நாலு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, ஹபீப்," என்றார்.

*

தலைமை மருத்துவர் தெய்வசிகாமணி பட்டியலைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"அந்த ஆளு செத்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா," என்றார்.

"எதுக்காக சார் செஞ்சாரு?"

"அப்ப இந்த ஆஸ்பத்திரிக்கு இத்தனை அறுவைன்னு ஒரு இலக்கு வச்சிருந்தாங்க. அவர் மூணு வருஷம் கேடயம் வாங்கினாரு. இங்கதான் கூட்டம் போட்டுக் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "மேலிடத்துக்கு எழுதிடலாம். விசாரணை வைப்பாங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம், ஒரு வருஷம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்."

"இன்னைக்கும் அவங்கள்ல எத்தனை பேர் வேலைக்கு ஆகாத மாத்திரையை முழுங்கிக்கிட்டு இருக்காங்களோ, சார். சந்தனமாரிக்கு ரத்தப்போக்கே அந்த மாத்திரையாலதான். கட்டின கருக்குழாயைத் திரும்பச் சேர்க்க ஆபரேஷன் இருக்கு. வயசு ஏற ஏற பலன் குறையும். ஒரு வருஷம் அவங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல."

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

பிரிசில்லா திரும்பவும் ஹபீபிடம் போனார். நாற்பத்தொரு ஒப்புதல் படிவங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டில் கைநாட்டு. மூன்றில் மட்டும் கையெழுத்து. கையெழுத்தையும் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த மூன்றையும் அடுக்கிலேயே சேர்த்தார்.

"முதல்ல பதினேழாவது விதியை எடுங்க. இனிமே நோயாளி சொல்றதுதான் முடிவு. பதிவு வேற மாதிரி இருந்தா அதைக் கீழ தனியா காட்டட்டும். ஆனா அவங்க சொன்னதை மாத்தி எழுதக் கூடாது."

"மருந்து விஷயத்துலயுமா?"

"அது மட்டும் பழையபடியே இருக்கட்டும். மத்தது எல்லாம்." மூச்சை இழுத்து விட்டார். "ரெண்டாவது, செவியை விட்டு இந்த நாற்பத்தொரு பேருக்கும் போன் பண்ணச் சொல்லுங்க. நாளைக்கே."

"என்னன்னு சொல்ல?"

"இத்தனாம் வருஷம் இந்த ஆஸ்பத்திரியில உங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செஞ்சதா பதிவு இருக்கு. அது உங்களுக்குத் தெரியாம நடந்திருந்தா, டாக்டர் பிரிசில்லாவை வந்து பாருங்க."

ஹபீப் எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "மேடம், வந்து பாருங்கன்னு மட்டும் சொன்னா போதாதா? விவரம் இங்க வந்தப்புறம் சொல்லிக்கலாமே."

"விவரம் சொல்லாம கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க. ஒரு நாள் கூலி போயிடும்னு இருந்துடுவாங்க."

"அந்த நம்பர் எல்லாம் அவங்க கையில இருக்கிற போனுதானான்னு..."

"ஹபீப்." பிரிசில்லா குறுக்கிட்டார். "இத்தனை வருஷமா அவங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. எனக்கும், இந்த மிஷினுக்கும். இன்னும் ஒரு நாள்கூட மறைக்க எனக்கு மனசு இல்ல."

ஹபீப் பட்டியலிலிருந்த போன் எண்களை எடுக்கத் தொடங்கினான்.

*

முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் பதினான்கு. சிலர் தாயோடு வந்தார்கள், சிலர் தனியாக. எல்லாரையும் ஒருத்தர் ஒருத்தராக உள்ளே கூப்பிட்டு, கதவை அடைத்து, படிவத்தைக் காட்டி, பிரிசில்லாவே சொன்னார். செவியை விட்டுச் சொல்ல வைக்கவில்லை.

ஒருத்தி நம்பவே இல்லை. ஒருத்தி சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நாற்பது வயதான ஒருத்தி, "அப்ப என் மேல குத்தம் இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று பிரிசில்லா சொல்லச் சொல்ல, முதல் தடவை கேட்பதுபோலவே ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்டாள். பன்னிரண்டு வருடக் கேள்வி அது. ஒரே நாளில் எப்படித் தீரும்?

சந்தனமாரி நான்காம் நாள் வந்தாள். ஒப்புதல் படிவத்தின் நகலை முன்பே கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

"வேம்பாருக்குப் போனேன், டாக்டரம்மா. அவியகிட்ட காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"வாங்கிப் படிச்சாவ. ரெண்டு தரம் படிச்சாவ. பொறவு, 'சரி, இப்ப அதுக்கு என்ன?'ன்னாவ." மடித்த தாளை மேசையில் வைத்தாள். "உள்ள அந்தப் பொம்பள காப்பி போட்டுட்டு வந்தா. குடிச்சிட்டு வந்துட்டேன்."

குழாயைத் திரும்பச் சேர்க்கும் அறுவையைப் பற்றி பிரிசில்லா எடுத்துச் சொன்னார். இலவசம்தான், பலன் பாதிக்குப் பாதி, அவள் வயதுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

"யாருக்கு டாக்டரம்மா பெத்துக் குடுக்க?" என்றாள் சந்தனமாரி. "பிள்ள வேண்டாம். எனக்கு ஆளு வேணும். என் கையைப் புடிச்சி மை தடவுனது யாரு? டாக்டரு செத்துட்டாருன்னு சொல்லுதிய. கையைப் புடிச்சவுக, தாளை நீட்டுனவுக, அன்னைக்கு அந்த ரூம்ல நின்னவுக எல்லாருமா செத்துட்டாவ?"

அந்த மாலையே அவள் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். நான்கு பக்கம், தன் கையாலேயே எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து போட்டாள். வாரக் கடைசிக்குள் இருபத்தாறு பேர் அவள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அறுவை அறையில் அன்று வேலை பார்த்த இரண்டு பேரைப் போலீஸார் தூத்துக்குடியில் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். விசாரணைக்கு ஒரு வருடம் எடுப்பார்கள் என்று நினைத்த மேலிடத்து அதிகாரிகள் பதினைந்து நாளில் வருவதாகத் தந்தி போல ஒரு வரியில் பதில் அனுப்பினார்கள். தெய்வசிகாமணி தானே ஒரு வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டார். அன்றைக்குக் கைதட்டியதையும் சேர்த்து எழுதியிருந்தார்.

பல நாட்களுக்குப் பிறகு பிரிசில்லா சரியாகச் சாப்பிட்டார். பட்டியலில் ஆறு பேர்தான் பாக்கி.

*

ஒன்பதாம் நாள் காலை அவர் மேசைக்கு ஒரு தாள் வந்தது. பெயர் இசக்கித்தாய். வயது முப்பத்தொன்று. இடது முன்கையில் வீக்கம், எலும்பு முறிந்திருக்கலாம். காரணம்: குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தது.

பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். பிரிசில்லா பட்டியலை எடுத்தார். இருபத்தேழாவது பெயர். பாக்கி ஆறு பேரில் ஒருத்தி.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். கூடவே மாமியாரும் வந்தாள். பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி மாமியாரை வெளியே நிற்கச் சொன்னார் பிரிசில்லா. கதவை அடைத்தார். முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்களின் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. வலது கன்னத்திலும் வீக்கம் இருந்தது.

"இசக்கித்தாய், போன வாரம் உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஏன் வரலை? அது உங்களுக்குத் தெரியாம நடந்த விஷயம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"தெரியும் டாக்டர்."

"என்ன தெரியும்?"

"ஆப்ரேசன் பண்ணினது தெரியும்." அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தான் கேட்டுப் பண்ணிக்கிட்டேன்."

பிரிசில்லா கையை எடுத்துவிட்டார்.

"மூணாவதும் பொம்பளப் பிள்ளை. ரத்தம் போயி சாகக் கெடந்தேன். இன்னொண்ணு தாங்காதுன்னு சொன்னாவ. வீட்டுல விட மாட்டாவ, பையன் பொறக்குற வரைக்கும் விட மாட்டாவ. அதான் அந்தப் பெரிய டாக்டர்கிட்ட அழுது, யாருக்கும் சொல்லாதீயன்னு கால்ல விழுந்து கேட்டேன். அவரு ஒண்ணுமே கேக்காம சரின்னுட்டாரு. நானே கையெழுத்து போட்டேன்."

மூன்று கையெழுத்துகள். அடுக்கோடு அடுக்காகச் சேர்த்த அந்த மூன்று படிவங்கள் பிரிசில்லாவின் கண்முன் வந்து நின்றன. 

"ஏழு வருசமா யாருக்கும் தெரியாது. இந்த மிசினு கேக்கும்போதெல்லாம் இல்லன்னுதான் சொல்லுவேன். மாமியா வெளியதான நிப்பாவ, கதவு லேசு. அதுவும் சரிக்கான்னு விட்டுரும். அது நல்லது." இசக்கித்தாய் நல்ல கையால் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அன்னைக்கு மத்தியானம் சாப்புட்டுக்கிட்டு இருந்தோம். போனு எங்க வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கும். எடுத்து சத்தமா போட்டாவ. எல்லாரும் கேட்டோம்."

பிரிசில்லா அந்த வாசகத்தை ஒரு சொல் விடாமல் அறிவார். அவரே சொல்லி எழுதச் சொன்னது.

"தெரியாம பண்ணிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமேம்மா. அந்தப் போன்லயே அப்படித்தானே வருது," என்றார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே அசிங்கமாக இருந்தது.

"சொன்னேன். நம்பல. பாத்தா முகத்துல தெரிஞ்சிருக்கும்போல." அவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நீங்க நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சிருப்பிய."

"போலீஸுக்குச் சொல்லலாம். நான் எழுதித் தரேன். இந்தக் கையை யாரோ முறுக்கினதுன்னு நானே எழுதறேன்."

"வேண்டாம்!" சட்டென்று எழுந்துவிட்டாள். "எழுதாதீய. நான் விழுந்துட்டேன்னுதான் சொன்னேன். இப்பல்லாம் நாம சொன்னத அப்படியே எழுதிக்கிடும்னு சொன்னாவளே. அப்படியே இருக்கட்டும். மூணு பிள்ளையள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்கு எப்பச் சொல்லணுமோ அப்பச் சொல்லுதேன்."

பிரிசில்லா தாளைப் பார்த்தார். வழுக்கி விழுந்தது. செவி ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கீழே கையொப்பம் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தார். அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, கையொப்பம் போட்டார்.

பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

மாமியார் கதவை ஒட்டியே நின்றிருந்தாள். "கட்டு போட்டாச்சா? வீட்டுல சோலி கெடக்கு. மாவுக்கட்டு போட்டு அனுப்பிருங்க."

"அனுப்ப முடியாதும்மா," என்றார் பிரிசில்லா. "எலும்பு மூணு இடத்துல நொறுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். ஒரு மாசம் இங்கேயே படுக்கணும்."

"ஒரு மாசமா? அப்ப பிள்ளையள யாரு பாக்க?"

"பிள்ளைங்க தாய் பக்கத்துலேயே இருக்கட்டும். இன்னைக்கே கூட்டிட்டு வந்து விடுங்க. சாப்பாடு இங்கேயே கிடைக்கும்."

மாமியார் நம்பாமல் அவரையே பார்த்தாள். "மூணு இடத்துலயா?"

"மூணு இடத்துல," என்றார் டாக்டர் பிரிசில்லா. கையிலிருந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, விரலால் மூன்று இடங்களைத் தொட்டார். "இதோ, இங்க. இங்க. அப்புறம் இங்க."

படத்தில் ஒரே ஒரு மெல்லிய கோடுதான் இருந்தது.